பவுடர் பூசி வந்த அஞ்சலை

அவள் நடந்துதான் வந்தாள்.

தீக்காய வார்டுக்கு யாரும் நடந்து வருவதில்லை. தூக்கிக்கொண்டு வருவார்கள், வாழையிலை சுற்றிக் கொண்டு வருவார்கள், கத்திக்கொண்டே வருவார்கள். அஞ்சலை நீலப் புடவை கட்டி, எண்ணெய் வைத்து வழித்து வாரி, பெரிய பொட்டு வைத்து, முகம் நிறையப் பவுடர் பூசிக்கொண்டு வராண்டாவில் நடந்து வந்தாள். வலது கையில் முழங்கை வரைக்கும் வெள்ளைக் கட்டு. பக்கத்தில் அவள் புருஷன், கையில் ஒரு பிளாஸ்டிக் கூடை.

"யாரும்மா பேஷண்ட்?" என்றேன்.

அவள் இடது கையால் தன்னைக் காட்டினாள். ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. பஞ்சரான சைக்கிள் ட்யூபை அமுக்கினால் ஒரு சத்தம் வருமே, அதுதான் வந்தது.

"கை வெந்துடுச்சி சிஸ்டர்" என்றார் புருஷன். பெயர் முருகையன், உப்பு மூட்டை ஏற்றுகிறவர். "நேத்தே கட்டு போட்டு ஊசி போட்டு அனுப்பிட்டாங்க. காலையிலேர்ந்து தொண்டை கட்டிக்கிச்சி. நேத்து ரொம்ப கத்துனா, அதான்."

தொண்டை கட்டிக்கொண்டவள் கழுத்துக் குழி இப்படியா உள்ளே இழுக்கும்? ஒவ்வொரு மூச்சுக்கும் அவள் தோள் இரண்டும் மேலே ஏறி இறங்கின. டார்ச் அடித்து மூக்கைப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. வாயைத் திறக்கச் சொன்னேன். அதுவும் சுத்தம். ஆனால் இடது புருவத்தின் நுனியில் நாலைந்து முடி பொசுங்கிச் சுருண்டிருந்தது. ஈரப் பஞ்சால் கன்னத்தைத் துடைத்தேன். பவுடர் போன இடத்தில் தோல் செக்கச் செவேல் என்று இருந்தது.

"ஏம்பா, தீப்பிடிச்சப்ப இந்தம்மா எங்க இருந்தாங்க? வெளியவா, உள்ளயா?"

"உள்ளதான்."

எங்கள் டாக்டரம்மாவைக் கூப்பிடப் போனேன். நடந்தேன் என்று எழுதினால் பொய், ஓடினேன். கொஞ்ச நேரத்தில் அஞ்சலையின் தொண்டைக்குள் ட்யூப் போட்டாகிவிட்டது. இன்னும் தாமதித்திருந்தால் ட்யூப் நுழையவே இடம் இருந்திருக்காது என்றார் டாக்டரம்மா.

சாத்திய கதவு

நானும் அந்தக் கடற்கரைக்காரிதான், பொம்மையார்பாளையத்தில் பிறந்தவள். மரக்காணம் பக்கத்து உப்பளங்களைச் சின்ன வயசில் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே பள்ளிக்கூடம் போனவள். ஆனால் அங்கே ஒரு வழக்கம் இருப்பது முருகையன் சொல்லித்தான் தெரியும்.

உப்பை அரைத்து பாக்கெட் போடுகிற கொட்டகையில் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் சாத்திவிடுவார்களாம். கடல் காற்று ஈரமாக அடிக்கிற நாட்களில் சந்து பொந்துகளில் கூடச் சாக்கை மடித்துத் திணித்துவிடுவார்களாம். ஈரக்காற்று பட்டால் உப்பு கசியும், பாக்கெட்டுக்குள் தண்ணீர் விட்டுக்கொள்ளும். அந்தப் புழுக்கத்துக்குள் அஞ்சலையும் அவள் தங்கச்சி ராணியும் பாக்கெட்டுகளின் வாயைச் சூடு வைத்து ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.

அந்த ஒட்டுகிற மெஷினின் ஒயரில் தீப்பொறி. பக்கத்தில் ஆள் உயரத்துக்கு பாலிதீன் கவர் கட்டு. சின்னத் தீதான் என்றார் முருகையன். அஞ்சலை ஒரு சாக்கை நனைத்து அடித்தே அணைத்துவிட்டாளாம். அதில்தான் கை வெந்தது. புகை போகத்தான் வழியில்லை. சாக்கு திணித்த கொட்டகை அல்லவா? ராணி தட்டுத் தடுமாறிக் கதவைத் திறப்பதற்குள் உள்ளே ஒன்றும் தெரியாமல் கறுத்துப் போயிருக்கிறது.

"வெளிய வரும்போது எப்படி இருந்தாங்க?"

"ரெண்டு பேரும் கரிக்கட்டை மாதிரி இருந்தாங்க சிஸ்டர். மூக்கு, வாய் எல்லாம் கரி. துப்புனா கறுப்பா வருது."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா, கழுவிட்டோம்."

கழுவிவிட்டார்கள். உப்பளத்து ஜனங்களுக்குக் கழுவுவது ஒரு பழக்கம். வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் கை, கால், முகம் கழுவாமல் ஒருத்தரும் வீடு திரும்ப மாட்டார்கள். உப்பு உடம்பில் காய்ந்தால் தோல் வெடித்து எரியும். அஞ்சலைக்கு வலது கை ஆகாததால் ராணிதான் கழுவிவிட்டிருக்கிறாள். சோப்புப் போட்டு, முந்தானை நுனியைத் திரித்து மூக்குக்குள் விட்டுச் சுற்றி எடுத்து, திரும்பத் திரும்பக் கொப்பளிக்க வைத்து, வீட்டுக்குக் கூட்டிப்போய்ப் புடவை மாற்றி, தலை வாரி, பவுடர் பூசி, அப்புறம்தான் பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறாள்.

அங்கே இருந்த டாக்டர் கண்ணுக்கு முன்னால் ஒரு சுத்தமான பெண், கையில் ஒரு தீக்காயம். கைக்குக் கட்டுப் போட்டார். வீட்டுக்கு அனுப்பினார். மூக்கில் கரி இருந்திருந்தால் ஒருவேளை அவர் யோசித்திருப்பார். இல்லாத கரியை அவர் எங்கே போய்ப் பார்ப்பது?

எத்தனை பர்சன்ட்?

இங்கே கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் வார்டில் பாதிக் கட்டில்களில் 'ஸ்டவ் வெடித்த' மருமகள்கள் கிடந்தார்கள். எந்த வீட்டு ஸ்டவ்வும் மாமியார் பக்கம் பார்த்து வெடித்ததாக எனக்கு நினைவில்லை. அது வேறு வயிற்றெரிச்சல், அதைப் பற்றி இந்தத் தொடரில் முன்பே எழுதிவிட்டேன். எழுதியதற்குத் திட்டியும் கடிதம் வந்தது, வரட்டும்.

அந்த நாட்களில் தீக்காயம் என்றால் எல்லாரும் கேட்கிற ஒரே கேள்வி, எத்தனை பர்சன்ட்? போலீஸ்காரர், சொந்தக்காரர், வாசலில் டீ விற்கிறவர், எல்லாருக்கும் எவ்வளவு தோல் வெந்தது என்கிற கணக்குத்தான். குறைவு என்றால் பிழைத்துவிடும், அதிகம் என்றால் வாழையிலை வாங்கி வா.

தோலில் ஒன்றுமே இல்லாமல் செத்துப்போனவர்களையும் பார்த்திருக்கிறேன். கட்டிலில் உட்கார்ந்து காபி கேட்பார்கள். மறுநாள் மூச்சு வாங்கும். அதற்கடுத்த நாள் கட்டில் காலி. புகை உள்ளே போய் மூச்சுக் குழாயின் உள்தோலை வேக வைத்துவிடும். வெந்த தோல் உரியும், சளியும் ரத்தமும் கரியும் சேர்ந்து கெட்டிப்படும். வெளியில் இருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. பாலிதீன் புகை என்றால் கேட்கவே வேண்டாம், அது விஷம்.

அதனால்தான் அன்று எனக்கு உடனே அந்தத் தங்கச்சி ஞாபகம் வந்தது. முருகையனிடம் கேட்டேன்.

"அந்த ராணி எங்க?"

"அவளுக்கு ஒண்ணுமில்ல சிஸ்டர். காயமே இல்ல. உப்பு வாரப் போயிருக்கா."

"குரல் எப்படி இருக்கு?"

அவர் யோசித்தார். "கொஞ்சம் கம்மிப் போய்தான் இருக்கு. அழுதா இல்ல..."

"யோவ், போன் போடுய்யா! இப்பவே கூட்டிக்கிட்டு வரச் சொல்லு!"

அப்போது வார்டே என்னைத் திரும்பிப் பார்த்தது. என் வாய் அப்படித்தான்.

ராணி

மத்தியானம் ராணி வந்தாள். அக்காவை விடச் சின்னவள், ஒல்லி. கல்யாணம் ஆகிப் புருஷன் விட்டுப்போய் அக்கா வீட்டோடு இருப்பவள். அவளும் பளிச்சென்று கழுவிக்கொண்டு, பவுடர் பூசிக்கொண்டு வந்திருந்தாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

ஒரு வெள்ளைத் துணியைக் கையில் கொடுத்து, "அடிவயித்துலேர்ந்து இருமித் துப்பு" என்றேன். துப்பினாள். எச்சிலில் நூல் மாதிரி ஒரு கறுப்பு.

"யாருடி உங்கள கழுவச் சொன்னது? கரியோட வந்திருந்தா நேத்தே பாத்திருப்பாங்களே!"

ராணி என்னைப் பார்த்தாள். பயப்படவில்லை.

"அழுக்கா போனா தொட்டுப் பாக்க மாட்டாங்க சிஸ்டர். தள்ளி நின்னே மாத்திரை எழுதுவாங்க. அக்காவ நல்லா பாக்கணும்னுதான் நல்லா கழுவிவுட்டேன்."

அவள் சொன்னது உண்மை. வேர்வை நாற்றத்தோடு வருகிறவர்களைத் தள்ளி நிற்கச் சொல்கிற கைகளோடு நானும்தான் இத்தனை வருஷம் வேலை பார்த்தேன்.

அவள் தொண்டையிலும் வீக்கம் இருந்தது. ட்யூப் போடும் அளவுக்கு இல்லை, ஆனால் எப்போது வேண்டுமானாலும் ஆகலாம். டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: பேசக் கூடாது, கத்தக் கூடாது, அழவே கூடாது. அழுது விம்மினால் வீங்கிய குழாய் இறுக்கிக்கொள்ளும்.

அக்கா கண்ணாடித் தடுப்புக்கு உள்ளே. தங்கை வெளியே பெண்கள் பகுதியில். நடுவில் நான்.

அழுகிய முட்டை

நெபுலைசர் என்றால் இன்று எல்லாருக்கும் தெரியும். எங்கள் ஊருக்குப் பக்கத்துக் கோட்டக்குப்பத்தில் துபாயிலிருந்து வருகிற பெட்டிகளில் சாக்லேட்டோடு அதுவும் வருகிறது. வீட்டில் யாருக்குத் தும்மல் வந்தாலும் மாட்டிவிடுகிறார்கள். சின்னக் கப்பில் மருந்தை ஊற்றி வேகமாகக் காற்றை விட்டால் மருந்து பொடிப்பொடித் துளியாக உடைந்து பனி மாதிரி கிளம்பும். அதை மூச்சோடு இழுக்க வேண்டும், அவ்வளவுதான்.

வார்டில் ஜனங்கள் அதற்கு வைத்த பெயர் புகை வைக்கிறது. முருகையன் அதைக் கேட்டதும் கட்டிலுக்குக் குறுக்கே வந்து நின்றுகொண்டார்.

"புகையிலதான் சிஸ்டர் இவ இப்படிக் கிடக்கிறா. மறுபடியும் புகையா?"

அவர் கையை இழுத்து அந்த மூட்டத்துக்கு நேரே பிடித்தேன். உள்ளங்கை நனைந்தது. "பாத்தியா, தண்ணிதான்" என்றேன். கையை முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துகொண்டார். அதற்குப் பிறகு மருந்து நேரம் வந்தால் எனக்கு முன்னால் அவர் தயாராக நிற்பார்.

முதலில் குழாயை விரிக்கிற மருந்து. பிறகு ஹெப்பாரின், ரத்தம் உறையாமல் இருக்க நாங்கள் ஊசியில் போடுவது. தீப்புகைக்காரர்களுக்கு அதையே பனியாக்கி உள்ளே அனுப்புவோம், கெட்டிப்படுவதைக் கொஞ்சம் தடுக்கும் என்று. அதோடு மாற்றி மாற்றி இன்னொரு மருந்து, சளியை அறுக்க. அது அழுகிய முட்டை நாற்றம் நாறும். வீட்டுக்குப் போய்க் குளித்தாலும் என் தலைமுடியில் அந்த நாற்றம் இருக்கும். சோறு இறங்காது.

"இதுல சரியாயிடுமா மேடம்?" என்று டாக்டரம்மாவைக் கேட்டேன்.

"சிலருக்குக் கேக்குது, சிலருக்குக் கேக்கல. குடுக்காம இருக்க மனசு வரல" என்றார். டாக்டர்களில் இப்படி உண்மை பேசுகிறவர்கள் கம்மி.

ராணிக்கு மருந்துப் பனியை மாஸ்க் வைத்துக் கொடுத்தோம், அஞ்சலைக்கு வென்டிலேட்டர் குழாயிலேயே சேர்த்துவிட்டோம். முடிந்ததும் உள்ளங்கையைக் குவித்து முதுகில் தட்டுவேன். பிறகு மெல்லிய ட்யூபை விட்டு உறிஞ்சுவேன். முதலில் மசி மாதிரி வந்தது. பிறகு தடித்தடியாகக் கறுப்பு.

ஒரு நாள் காலை உறிஞ்சும்போது ட்யூப் அடைத்துக்கொண்டது. இழுத்தேன். கிளை பிரிந்த வேர் மாதிரி ஒன்று வந்து விழுந்தது. கெட்டிப்பட்ட சளி, அப்படியே அவள் மூச்சுக் குழாயின் அச்சு. விரல் நீளம், அதற்குப் பிள்ளைக் கிளைகள் வேறு. மானிட்டரில் ஆக்சிஜன் எண் சரசரவென்று ஏறியது. அஞ்சலை கண் திறந்து என்னைப் பார்த்தாள். முருகையன் அந்தத் தட்டை எட்டிப் பார்த்து, "இத்தனையுமா சிஸ்டர் உள்ள வச்சிக்கிட்டு நடந்து வந்தா?" என்று கேட்டார்.

வெளியே வந்து ராணியிடம் சொன்னேன். பேசக் கூடாது என்பதால் அவள் இரண்டு கையையும் கூப்பினாள். மாஸ்க்குக்குள் சிரித்தாள்.

அந்தச் சந்தோஷம் நிலைக்கவில்லை. காய்ச்சல் வந்தது. சளி கறுப்பிலிருந்து மஞ்சளானது, மஞ்சளிலிருந்து பச்சை. எவ்வளவு மருந்தை அனுப்பினாலும் அது போய்ச் சேர உள்ளே திறந்த இடம் இல்லை. ஒரு காலை, ரவுண்ட்ஸ் நடந்துகொண்டிருக்கும்போதே அஞ்சலை போய்ச் சேர்ந்தாள். பாழாய்ப்போன அந்த மூச்சு மெஷின் மட்டும் அவள் நெஞ்சை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தது. நான்தான் நிறுத்தினேன்.

சொல்லாத செய்தி

முருகையன் சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து வாயில் துண்டை வைத்து அழுதார். சத்தம் வெளியே கேட்கக் கூடாதாம். கொஞ்சம் அடங்கியதும் கேட்டார்.

"ராணிக்குச் சொல்லணுமா?"

ராணிக்கு அன்று மோசமான நாள். விடிந்ததிலிருந்து மூச்சு விசிலடித்துக்கொண்டிருந்தது. ட்யூப் செட்டைப் பிரித்து அவள் தலைமாட்டிலேயே வைத்திருந்தோம்.

"இப்ப சொன்னா இவளும் போயிடுவா" என்றேன். இதைவிடப் பதமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

போஸ்ட்மார்ட்டம் முடிந்து உடம்பு ஊருக்குப் போனது. வழியனுப்ப ராணி இல்லை. நான் அவளுக்கு மாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு, அவள் கண்ணைப் பார்க்காமல் கப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா எப்படி என்று கையால் கேட்டாள். "மருந்து போய்க்கிட்டிருக்கு" என்றேன். அவள் நம்பவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாமா எங்கே என்று கேட்டாள். வந்துவிடுவார் என்றேன். மூச்சு இன்னும் இரைத்தது. எனக்குக் கர்த்தரைத் தவிர கூப்பிட ஆளில்லை.

மறுநாள் காலை முருகையன் வராண்டாவில் வந்து நின்றார். சலவைச் சட்டை, வாரிய தலை, மீசையும் அப்படியே. அவர்களுக்குப் பிள்ளை கிடையாது, அவர்தான் கொள்ளி வைத்திருக்க வேண்டும். கொள்ளி வைக்கிறவர் தலையையும் மீசையையும் மழித்துக்கொள்ளாமல் எந்த ஊரில் விட்டார்கள்?

"என்னய்யா, காரியம் முடிஞ்சுதா?"

"முடிஞ்சிது சிஸ்டர்." குரலைத் தாழ்த்தினார். "சுடுகாட்டுல பெரிய சண்டை. நாவிதர் கத்திய எடுத்துக்கினு நிக்கிறாரு, நான் தலைய குடுக்கல. பங்காளிங்க காறித் துப்பாத குறைதான். கட்டுனவளுக்கு மொட்டை போடாதவன்லாம் ஒரு ஆம்பளையாடான்னு எங்க பெரியப்பா கேட்டாரு. கேக்கட்டும்னு கொள்ளிய வச்சிட்டு வந்துட்டேன்."

"ஏன்யா?"

"மொட்டையோட வந்தா ராணி பாத்ததும் தெரிஞ்சிக்குவா இல்ல சிஸ்டர்."

உள்ளே போனார். நான் பின்னாலேயே போனேன். ராணியின் கண் முதலில் அவர் தலைக்குத்தான் போனது. பிறகு மீசைக்கு. பிறகு மறுபடியும் தலைக்கு. அவள் தோள் இரண்டும் மெல்ல இறங்கின. கண்ணை மூடிக்கொண்டு மருந்தை இழுத்தாள். முருகையன் என் கையிலிருந்து மாஸ்க்கை வாங்கி, மருந்து தீரும் வரைக்கும் பிடித்துக்கொண்டிருந்தார்.

அதற்கு அப்புறம் தினமும் வந்தார். தலைவாரிக்கொண்டு வந்தார். ஊரில் அவரோடு யாரும் பேசவில்லை என்று பிறகுதான் கேள்விப்பட்டேன். என்னிடம் அவர் அதைச் சொல்லவே இல்லை.

ராணியின் தொண்டை வீக்கம் வடிந்தது. கறுப்பு வருவது நின்றது. ஆக்சிஜனை எடுத்தோம். ஒரு நாள் டாக்டரம்மா நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து முன்னும் பின்னும் கேட்டுவிட்டு, "இனிமே பயமில்ல" என்றார். முருகையன் அதைக் கேட்டார். வெளியே போனார். டீ குடிக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன்.

திரும்பி வரும்போது தலையில் முடி இல்லை. மீசையும் இல்லை. ஆஸ்பத்திரிக்கு எதிரில் இருக்கிற கடையில் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். காது மேல் ஒரு இடத்தில் கத்தி பட்டு ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. ராணியின் கட்டில் காலருகே வந்து தலையைக் குனிந்து நின்றார்.

ராணி பார்த்தாள். அப்புறம் கத்தினாள். "அக்கா!" என்று அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வார்டிலிருந்தெல்லாம் ஓடி வந்தார்கள். நெஞ்சில் அறைந்துகொண்டு, முருகையன் சட்டையைப் பிடித்து உலுக்கி, மூச்சு முட்ட முட்ட அழுதாள். யாரோ ஒரு நர்ஸ் ஓடி வந்து அவள் வாயைப் பொத்தப் போனாள். கையைத் தட்டிவிட்டேன்.

அழட்டும் என்று விட்டுவிட்டேன். அழுவதற்கு வேண்டிய மூச்சு அவளிடம் இருந்தது.